கல்யாணத்துக்கு எட்டு வாரம்: மூக்கும் மேல்காதும் குத்தலாமா, எவ்வளவு ஆகும்?

செக்காலை_சிட்டு:
வணக்கம். ஊர் காரைக்குடி, வயது 25. ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். அதற்குள் மூக்கு குத்த வேண்டும், மேல்காதிலும் ஒன்று. மூக்கு வீட்டாரின் ஆசை, மேல்காது என் ஆசை. அப்பத்தா தன் வைர மூக்குத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தே வைத்துவிட்டார். அண்ணன் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) பக்கத்தில் நான் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ஆடியில் குத்தக்கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் எதுவானாலும் ஆனிக்குள்.

விசாரித்தவரை: நகைக்கடைத் தெருவில் ஒரு பத்தர் 200 ரூபாய், வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தால் போதும் என்றார். ஓர் அழகு நிலையத்தில் துளையிடுகிற துப்பாக்கி, அதாவது கன் வைத்து 500, கல் ஸ்டட் சேர்த்து. தோல் மருத்துவர் 1,500, நகை நாமே கொண்டுபோக வேண்டும். மதுரையில் பச்சை குத்துகிற, துளையிடுகிற ஸ்டூடியோ ஒன்றில் 1,200, அதில் போடும் டைட்டானியம் நகைக்குத் தனியாக 1,400. ஒரே ஒரு ஓட்டைக்கு 200 எங்கே, 2,600 எங்கே? அந்தக் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மானகிரியார்:
எங்கள் காலத்தில் கம்பியைத் தீட்டிக் குத்தினார்கள். மஞ்சளைக் குழைத்துப் பூசினார்கள், வேப்பங்குச்சியைச் செருகினார்கள், முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2,600 ரூபாய்க்கு அரை மூட்டை அரிசி வாங்கலாம்.

பத்தர்வீட்டுப்_பையன்:
ஐயா, நான் அந்தக் கம்பி தீட்டுகிற வீட்டுப் பையன்தான். தாத்தா காலத்திலிருந்து ஆச்சிமார்களுக்குக் காதும் மூக்கும் குத்தியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நாங்களும்தான் சொல்லுவோம். ஆனால் சீழ் வைத்தவர்கள் எங்கள் கடைக்குத் திரும்பி வருவதில்லை, டாக்டரிடம் போய்விடுவார்கள். அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஊசிநூல்:
நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். சிட்டு, காசு எதற்கு என்று கேட்டீர்களே, நான்கு விஷயத்துக்கு: ஊசி, கிருமி நீக்கம், முதல் நகை, குத்துகிறவரின் கை. இதில் ஊசி மிக மலிவு. நகையும் கையும்தான் விலை.

ஊசி என்றால் உள்ளே குழலாக இருக்கிற, ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற ஊசி. உங்கள் கண் எதிரே உறையைப் பிரிக்க வேண்டும். அது சதையைச் சுத்தமாக அரிந்து வழிவிடும். கன் அப்படியில்லை, மழுங்கிய ஸ்டட் முனையை ஸ்பிரிங் விசையில் அறைந்து இறக்கும். கீழ்க்காதுச் சதை எப்படியோ பொறுத்துக்கொள்ளும், மேல்காது குருத்தெலும்பு, அது பொறுக்காது. குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. அந்தச் சவ்வு நசுங்கி உள்ளே கிருமியும் போனால், மாத்திரையின் மருந்துகூட அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும். போதாததற்கு, கன்னில் பிளாஸ்டிக் இருப்பதால் பெரும்பாலானவற்றை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து அடுத்தவருக்கு எடுப்பார்கள். மூக்குக்கும் மேல்காதுக்கும் கன் வேண்டவே வேண்டாம்.

ஆட்டோகிளேவ் என்பது பிரஷர் குக்கரின் பெரியண்ணன். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். நீல வெளிச்சம் எரிகிற பெட்டியைக் காட்டி “ஸ்டெரிலைசர்” என்பார்கள், ஏமாறாதீர்கள். கொதிக்கும் வெந்நீரும் போதாது. எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி ஒரு பையில் இருக்கும், ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் கண்ணாடி மாதிரி. ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் அச்சடித்திருப்பார்கள், சூட்டில் வெந்தால் அது நிறம் மாறும். மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்துளியில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் அது நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான், உங்கள் வயதுக்காரர்கள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுவயல்_பொன்னி:
கன் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு பெரிய ஊர்ப் பார்லரில் (பெயர் வேண்டாம்) மேல்காதில் கன் வைத்துக் குத்திக்கொண்டேன். 350 ரூபாய். நாலாம் நாள் வலி. ஐந்தாம் நாள் காது அப்பளம் பொரிந்த மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேலே மட்டும் சிவந்து சூடாக இருந்தது, தோடு போடும் கீழ்ச்சதை எப்போதும் போல. நான் என்ன செய்தேன்? மஞ்சள், தேங்காய் எண்ணெய், அக்கம்பக்கத்து யோசனை எல்லாம் பார்த்துப் பத்து நாளைக் கடத்தினேன். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். மூன்று நாள் படுக்கை, நரம்பு வழியாக மருந்து. மொத்தம் 18,000-க்கு மேல் போனது. இப்போது அந்தக் காதின் மேல் மடிப்பு சுருங்கிப்போய் முறுக்கு மாதிரி இருக்கிறது. கொண்டையைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுத்தான் வெளியே போகிறேன்.

ஊசிநூல்:
பொன்னியக்கா, கீழ்ச்சதை நன்றாக இருந்து மேலே மட்டும் வீங்கியது என்றீர்களே, அதுதான் குருத்தெலும்பில் தொற்று என்பதற்கு அடையாளம். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி, ஈரத்தில் வாழ்வது. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற சாதாரண அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. இப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சிட்டு, நேராகச் சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் குத்தாதீர்கள். மேல்காது ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அந்தப் பக்கம் படுக்க முடியாது, போனை வைக்க முடியாது, ஹெல்மெட் மாட்டும்போது உயிர் போகும். கல்யாண வீட்டில் பூ வைத்துத் தலை பின்னுகிறவர்கள் கை வேறு படும். மூக்கை மட்டும் குத்துங்கள்.

செக்காலை_சிட்டு:
பொன்னியக்கா எழுதியதைப் படித்ததும் மேல்காது ஆசை பாதி போய்விட்டது. சரி, மூக்கு மட்டும். எட்டு வாரத்தில் ஆறிவிடுமா? அப்பத்தாவின் மூக்குத்தியைப் போட முடியுமா?

கண்டனூர்_மருமகள்:
ஊடே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இப்போது இரண்டு மாதம். குன்றக்குடியில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்கிறார்கள். மாமியார் தொண்ணூறாம் நாள் என்கிறார், என் அம்மா ஒரு வயது என்கிறார். தாய்மாமன் துபாயிலிருந்து எப்போது வருகிறாரோ அப்போது என்கிறார் என் வீட்டுக்காரர். எது சரி?

ஊசிநூல்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, தாய்மாமன் லேட்டாகவே வரட்டும். 6, 10, 14 வாரத்தில் போடுகிற பெண்டாவேலன்ட் ஊசி மூன்றும் முடியட்டும். அதில் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி இரண்டுமே இருக்கின்றன. அப்புறம் மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் வரிசையாகப் பத்துக் குழந்தைக்கு ஒரே கம்பி என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரொம்பத் தள்ளியும் போட வேண்டாம், பதினொரு வயதுக்கு மேல் குத்தினால் கீலாய்டு தழும்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் யாருக்காவது தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

பத்தர்வீட்டுப்_பையன்:
குழந்தைக்குத் திருகாணி வைத்த தோடுதான் போட வேண்டும், அழுத்தி மாட்டுகிற வகை கழன்று வாயில் போய்விடும்.

சிட்டு தங்கச்சி, இப்போது மூக்குத்தி. அந்த மூக்குத்தியை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பின்பக்கமும் தெரிகிற மாதிரி.

செக்காலை_சிட்டு:
போட்டிருக்கிறேன். ஏழு கல். பின்னால் மூடியிருக்கிறது. பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறேன்.

பத்தர்வீட்டுப்_பையன்:
பார்த்தேன். நல்ல பழைய வேலை, யாரும் அழித்துச் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் புதுப் புண்ணில் இதைப் போடக்கூடாது. ஒன்று, தண்டு. ஒன்றேகால் மில்லிக்கு மேல் தெரிகிறது, முழுக்க மரை வெட்டியிருக்கிறது. ஸ்டூடியோவில் மூக்குக்கு 0.8 அல்லது 1 மில்லி ஊசிதான் எடுப்பார்கள். அந்த மரையைப் பச்சைப் புண்ணில் திருகி ஏற்றுவது ரம்பத்தை உள்ளே விடுகிற மாதிரி. இரண்டு, பின்பக்கம் மூடிக் கட்டியது. கல்லுக்குப் பின்னால் ஐம்பது வருடச் சோப்பும் எண்ணெயும் உட்கார்ந்திருக்கும். மூன்று, கனம். ஏழு கல் கனத்தில் ஆறாத துளை கீழே இழுபட்டுவிடும்.

“தங்கம்தானே, ஒன்றும் செய்யாது” என்பார்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதியில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். மென்மையான உலோகம், சுலபமாகக் கீறல் விழும், கீறலில் அழுக்கு நிற்கும். ஆறின துளைக்குத் தங்கத்தைப் போல நகை கிடையாது. ஆறாத துளைக்கு டைட்டானியம் மேல். தங்கம் விற்கிற நான் இதைச் சொல்வது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. புது மூக்குத்தி பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அதனால் முத்திரை இல்லை என்று சண்டை போட முடியாது, தெரிந்த கடையில் பில் போட்டு வாங்குவதுதான் வழி. கவரிங்கை மட்டும் பக்கத்தில்கூட விடாதீர்கள், முலாம் தேய்ந்தால் அடியில் இருக்கிற உலோகம் நேராகச் சதையில் படும்.

ரஸ்தா_ராஜா:
ஆம்பளைப் பையன் ஒருத்தனும் பேசிக்கொள்கிறேன். சென்னையில் வேலை பார்த்தபோது புருவத்தில் குத்தினேன், 1,800 ரூபாய். ஊசி, கையுறை, சுத்தம் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எட்டாவது மாதம் உடம்பே அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டது. தோலின் மேற்பரப்பில் குத்துகிற இடங்களில் இப்படி ஆகுமாம், யாரும் முன்னால் சொல்லவில்லை. இப்போது புருவத்தில் ஒரு கோடு, முடி முளைக்கவில்லை. தேவகோட்டையில் இரத்த தான முகாமுக்குப் போனால் குத்தி 12 மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நல்லதுக்குத்தான், ஆனால் தெரிந்துகொண்டு குத்துங்கள்.

சிங்கைச்_செட்டிநாட்டான்:
இங்கே தங்கை போன மாதம் மூக்கு குத்தினாள், டைட்டானியத்தோடு 70 சிங்கப்பூர் வெள்ளி. நம் காசுக்கு மாற்றிப் பார்த்தால் மதுரை விலை ஒன்றும் கொள்ளையில்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் “சர்ஜிக்கல் ஸ்டீல்” என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், 316எல் தரம் என்றாலும் அதிலும் நிக்கல் உண்டு. செயற்கை நகை போட்டால் காது அரிக்கிறவர்கள் எஃப்-136 தரத்து டைட்டானியம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஊசிநூல்:
சிட்டு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூக்கு ஆற இரண்டிலிருந்து நாலு மாதம், சிலருக்கு ஆறு. எட்டு வாரத்தில் வெளியே பார்த்தால் ஆறின மாதிரியே இருக்கும், உள்ளே ஆறியிருக்காது. கல்யாணத்தன்று காலையில் அவசரத்தில் மாற்றப் போய் இரத்தம் வந்து, துளை தவறி, பட்டுப்புடவையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்ற பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். முதல் நகையோடுதான் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும். அதனால் பார்க்க லட்சணமாக ஒரு கல் வைத்ததாகவே ஆரம்பத்தில் வாங்கிவிடுங்கள்.

(9 நாள் கழித்து)

செக்காலை_சிட்டு:
குத்தியாயிற்று! ஆனி முடிய மூன்று நாள் மிச்சம் வைத்து. மதுரைக்குத்தான் போனோம், அம்மாவும் நானும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். முதலில் ஒரு படிவம்: சர்க்கரை, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதய வால்வில் கோளாறு, கர்ப்பம், தழும்பு வளரும் உடம்பா என்றெல்லாம் கேட்டார்கள். ஆதார் பார்த்தார்கள். குத்தின பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கை கழுவி, கையுறை போட்டு, மூக்கைத் துடைத்து, பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தாள். அம்மா “ஒரு நூல் மேலே” என்றார்கள். அழித்து, மறுபடி வைத்து, மறுபடி அழித்து, நாலாவது புள்ளியில்தான் அம்மா தலையாட்டினார்கள். கையுறையைக் கழற்றிப் புதிது போட்டுக்கொண்டாள். ஊசிநூல் அக்கா சொன்ன அந்தப் பையின் அடையாளத்தைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே காட்டினாள், நிறம் மாறியிருந்தது. “மூச்சை இழுத்து விடுங்க” என்றாள். விடும்போது குத்திவிட்டாள். வலி ஒரு நொடி, கண்ணீர்தான் தானாகக் கொட்டியது, வலது கண்ணில் மட்டும். ஊசியை வெள்ளை டப்பாவில் போட்டாள்.

செலவு: குத்தக் கூலி 1,200. டைட்டானியம் ஸ்டட், ஒற்றைக் கல், 1,400. சலைன் (உப்புநீர்) ஸ்ப்ரே 350. இரண்டு பேர் பஸ் போக வர 400. சாப்பாடு 300. ஊரில் ஹெபடைடிஸ் முதல் டோஸ், டாக்டர் ஃபீஸோடு 250. ஆக 3,900.

ஊசிநூல்:
ஸ்ப்ரேக்கு 350 கொடுத்தீர்களா? நார்மல் சலைன் பாட்டில் மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்தான். சரி, ஸ்ப்ரே திறந்த பிறகும் கெடாது, பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். அதற்காக மன்னிக்கிறேன்.

காலை மாலை சலைன் அடித்து, ஊறின பொருக்கைச் சுத்தமான துணி நனைத்து ஒற்றி எடுங்கள். நகத்தால் நோண்டாதீர்கள். ஸ்டட்டைச் சுழற்றச் சொல்வார்கள், சுழற்றாதீர்கள், உருவாகிற புதுத் தோல் ஒவ்வொரு தடவையும் கிழியும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். ஊருணிக் குளியல் துளை ஆறுகிற வரைக்கும் கிடையாது. வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக நீர் கசிந்து காய்ந்தால் பயப்படாதீர்கள். பச்சை நிறச் சீழ், சூடு, காய்ச்சல் என்றால் டாக்டர். அப்போதும் ஸ்டட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள், துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

(மூன்று வாரம் கழித்து)

செக்காலை_சிட்டு:
துளைக்குப் பக்கத்தில் கடுகு அளவில் சிவப்பாக ஒரு மொட்டு. கீலாய்டா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஊசிநூல்:
மூன்று வாரத்தில் கீலாய்டு வராது, அது மாதக்கணக்கில் மெதுவாக வந்து காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும். இது உரசலில் வருகிற மொட்டு. துண்டால் முகம் துடைக்கிறீர்களா?

செக்காலை_சிட்டு:
ஆமாம், இரண்டு தடவை துண்டின் நூல் ஸ்டட்டில் மாட்டி இழுத்தது.

ஊசிநூல்:
துண்டை விடுங்கள். காகித டிஷ்யூ வைத்து ஒற்றுங்கள். ஸ்டட் நீளமாக ஆடினால் ஒரு தடவை மதுரை போய்க் குட்டையாக மாற்றிக்கொண்டு வாருங்கள், முதல் வீக்கத்துக்காக நீளமாகப் போட்டிருப்பார்கள்.

(ஆவணி முடிந்து)

செக்காலை_சிட்டு:
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மொட்டு பத்து நாளில் அமுங்கிவிட்டது, குட்டை ஸ்டட்டுக்கு இன்னொரு 600 போனது. அப்பத்தாவிடம் பத்தர் அண்ணன் சொன்ன மூன்று காரணத்தையும் சொன்னேன். மரைக்கதையைக் கேட்டதும் “ஆமாத்தா, எனக்குக் குத்துனப்ப ஒரு மாசம் மூக்கு வெந்து கெடந்துச்சு” என்று தானாகவே ஒப்புக்கொண்டார். எண்பது வயது வரை யாரிடமும் சொல்லாததாம். கல்யாணப் படங்கள் நேற்று வந்தன. மூக்கில் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. அப்பத்தா கண்ணாடி போட்டு, போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளிக்கா நாலாயிரத்து ஐந்நூறு?” என்றார்.

பத்தர்வீட்டுப்_பையன்:
தைக்கு மேல் அந்த ஏழு கல்லை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். கல்லையும் அதைக் கட்டின வேலையையும் தொடாமல் தண்டை மட்டும் ஒரு மில்லிக்கு மாற்றித் தருகிறேன். பழைய தண்டைப் பொட்டலம் கட்டி அப்பத்தாவிடமே கொடுத்துவிடலாம்.

ஊசிநூல்:
இரண்டாவது டோஸ் போட்டாயிற்றா?